வெள்ளிக்கிழமைச் சீட்டு

ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். பல் தேய்த்தேன். மாடியிலிருந்து இறங்கி லாண்டரியின் பின்கதவைத் திறந்தேன். பாய்லரைப் போட்டேன். அது சூடாக இருபது நிமிடம் ஆகும். அதற்குள் டீ போட்டுக் குடித்தேன். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன்.

ஆறேகாலுக்கு முதல் மெஷினில் ஹோட்டல் படுக்கை விரிப்புகள். இரண்டாவதில் பல் ஆஸ்பத்திரிக் கோட்டுகள். மூன்றாவதில் ஃபுட்பால் கிளப் துணி. பதினெட்டு ஜெர்சி, பதினெட்டு டிரவுசர், முப்பத்தாறு காலுறை. புல் கறைக்கு முதலில் பச்சைத் தண்ணீர்தான். வெந்நீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். நான் கெமிஸ்ட்ரி பட்டதாரி. மூன்று வருடப் படிப்பில் இன்றைக்கும் பயன்படுவது அது ஒன்றுதான்.

காலுறைகளை எண்ணினேன். முப்பத்தைந்து. மறுபடி எண்ணினேன். முப்பத்தைந்து. காணாமல்போனது ஏதாவது ஜெர்சிக் கைக்குள் இருக்கும். இருந்தது.

என் மனைவி இறந்து ஒன்பது மாதம் ஆகிறது. காலை வேலைகளில் எதுவும் மாறவில்லை.

ஏழரைக்கு மாமனார் இறங்கி வந்தார். கையில் பேப்பர். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, இரண்டு தடவையாவது படித்துவிட்டுத்தான் வருகிறார்.

"மாப்ள, மெஷினை நிறுத்துங்க."

"பாதியில நிறுத்த முடியாது மாமா."

"அப்ப நான் கத்திப் படிக்கிறேன். கேளுங்க."

கத்திப் படித்தார். கிளப் முதலாளியின் அறிக்கை.

'சனிக்கிழமை ஆட்டத்தில் பயிற்சியாளர் காட்டிய அலட்சியம் என்னை வேதனைப்படுத்தியது. கிளப்பின் சின்னம் இல்லாத கோட்டை அணிந்து அவர் மைதானத்துக்கு வந்ததை எந்த ரசிகனும் மன்னிக்க மாட்டான். ஆட்டம் முடிந்த பிறகு, மிகுந்த வருத்தத்துடன், அவரை நீக்க முடிவெடுத்தேன். அன்றே அவரை நேரில் அழைத்துச் சொன்னேன்.'

பேப்பரைத் திருப்பிப் படத்தைக் காட்டினார். மழைத் தூறலில் கோச் நிற்கிறார். கோட்டு கழுத்துவரை பூட்டியிருக்கிறது. இரண்டு கையும் பாக்கெட்டில். நெஞ்சின் இடது பக்கம், சின்னம் இருக்க வேண்டிய இடத்தில், வட்டமாக ஒரு கருநீலத் தடம். சுற்றியுள்ள துணி வெயிலில் வெளுத்திருந்ததால் அது தனியாகத் தெரிந்தது.

"பாருங்க. பிச்சு எறிஞ்சிட்டு வந்திருக்கான். கிளப்பே வேணாம்னு எல்லார் முகத்துலயும் அடிச்ச மாதிரி நிக்கிறான்."

நான் படத்தைப் பார்த்தேன். அந்தச் சின்னத்தைப் பிரித்தது நான்.

இதுவரை நடந்தது நீளமான கதை இல்லை. கிளப்பை விட்டு யார் போனாலும் சின்னம் கிளப்புக்கு, கோட்டு ஆளுக்கு. அது அவர்கள் வழக்கம். அலுவலகத்திலிருந்து எங்களுக்கு ஒரு சீட்டு வரும். இன்னாருடைய கோட்டுகளில் சின்னத்தைப் பிரிக்கவும், துவைத்துத் தேய்த்துப் பெட்டியில் கட்டி வீட்டில் கொடுக்கவும். சீட்டு வருவதற்குள் அந்த ஆளுக்கு விஷயம் தெரிந்திருக்கும். கை குலுக்கி, போட்டோ எடுத்து முடிந்திருக்கும்.

இந்தத் தடவை சீட்டு வெள்ளிக்கிழமை வந்தது. கிளப் மூட்டையோடு, ஒரு உறைக்குள். வெள்ளிக்கிழமை வரும் வேலையைச் சனிக்கிழமை காலை கொடுத்துவிடுவோம். நான் உறையைக் கிழித்தேன். சீட்டைப் படித்தேன். பிளேடை எடுத்தேன். நான்கு கோட்டு, நான்கு சின்னம். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பெட்டியைக் கோச் வீட்டு வாசலில் கொடுத்தேன்.

உறையின் மேல் 'திங்கட்கிழமை வரை பிரிக்க வேண்டாம்' என்று எழுதியிருந்தது. நான் உறையைப் படிக்கவில்லை. ஒன்பது மாதமாக எதன் மேல் என்ன எழுதியிருந்தாலும் நான் படிப்பதில்லை.

கோச் வாசலிலேயே பெட்டியைத் திறந்தார். மேலே இருந்த கோட்டை எடுத்தார். சின்னம் இருந்த இடத்தில் விரலை வைத்து ஊசித் துளைகளைத் தடவினார்.

"இது யார் சொல்லி?"

"ஆபீஸ் சீட்டு சார்."

கோட்டை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார்.

"தேய்ப்பு நல்லா இருக்கு," என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று மாலை நாலு மணிக்கு, வேறு கோட்டு இல்லாததால், அதையே போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வந்து நின்றார். மூன்றுக்கு ஒன்று என்று தோற்றோம்.

இது தெரிந்தவர்கள் மூன்று பேர். நான், கோச், சீட்டை எழுதிய என் மச்சினி. அவள் கிளப் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். மாமனாருக்குத் தெரியாது. இரண்டு நாள் இருந்தது, சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலையில் துணி போடாதவர்களும் எங்கள் லாண்டரிக்கு வருவார்கள். மாமனாருக்கு லாண்டரி பிழைப்பு. ரசிகர் சங்கச் செயலாளர் பதவி உயிர். எட்டரைக்கெல்லாம் மூன்று பேர் கவுன்டரில் சாய்ந்துவிட்டார்கள். பதினாலாம் நம்பர் பஸ் ஓட்டும் டிரைவர். கணக்கு வாத்தியார். அப்புறம் எலக்ட்ரீஷியன். எலக்ட்ரீஷியனை எல்லோரும் 'ஆஃப்சைடு' என்றுதான் கூப்பிடுவார்கள். எப்போதும் தப்பான நேரத்தில் உள்ளே நுழைவார்.

"சிலை!" என்றார் டிரைவர். "சிலைய்யா அது! தலை மேல காக்கா வந்து உக்காந்திருந்தாக்கூட விரட்டியிருக்க மாட்டான். மூணு கோல் விழுது, பாக்கெட்டுலேர்ந்து கையை எடுக்கல!"

"முப்பத்தெட்டு ஆட்டத்துல இருபத்தொண்ணு ஜெயிச்சுக் குடுத்தவர்," என்றார் வாத்தியார். "ஒரு ஆட்டத்துக்காக ஒரு ஆளைத் தூக்குறதா? ஒரு பரீட்சையில மார்க் கொறஞ்சதுக்கு நான் எந்தப் பையனையாவது ஸ்கூலை விட்டு அனுப்பியிருக்கேனா?"

"உங்க பையன் பேப்பர்ல ஸ்கூல் பேரை அடிச்சிட்டுல்ல பரீட்சை எழுதியிருக்கான் சார்! அதான இங்க கேஸே," என்றார் டிரைவர்.

"என்னைக் கேட்டா," என்று ஆரம்பித்தார் ஆஃப்சைடு, "கோல் போஸ்ட்டுக்கு என்னைக்குப் புதுப் பெயின்ட் அடிச்சாங்களோ, அன்னையிலேர்ந்தே..."

"உன்னை யாருய்யா கேட்டா?"

மாமனார் கவுன்டரைத் தட்டினார்.

"முதலாளி ஒரு டைல்ஸ் வியாபாரி. அவனுக்கு ஃபுட்பாலைப் பத்தி என்ன தெரியும்? ஆள் ஓடினா வழுக்குதா இல்லையான்னு பார்ப்பான், அவ்வளவுதான். அவன்கிட்ட நான் எதுவும் எதிர்பார்க்கல. ஆனா இவன்? ரெண்டு வருஷம் இவனைத் தலையில வச்சு ஆடினவன் நான். சங்கத்துல எத்தனை பேர்கிட்ட இவனுக்காகச் சண்டை போட்டிருப்பேன்! அந்தச் சின்னத்தை யார் தச்சான்னு தெரியுமா? என் மக. கிளப்புல உள்ள ஒவ்வொரு கோட்டுக்கும் என் மக கையால தச்சது. அவ தச்சதைப் பிச்சு எறிஞ்சிட்டு வந்து நிக்கிறான்யா!"

டிரைவர் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

மூன்றாவது மெஷின் நின்றது. மூடியைத் திறந்தேன். ஜெர்சிகளை வெளியே எடுத்தேன். ஒரு சின்னத்துக்கு நாற்பத்தெட்டுத் தையல் போடுவாள். வெள்ளிக்கிழமை நான் அதை எண்ணவில்லை. பிளேடு வைத்து இழுத்தேன், வந்துவிட்டது. நாலுக்கும் சேர்த்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"அஞ்சு மணிக்கு இங்கயே கூட்டம்," என்றார் மாமனார். "கண்டனத் தீர்மானம். வாத்தியாரே, நீங்க எழுதுங்க. கையெழுத்துப் போட்டு இன்னைக்கே பேப்பருக்குக் குடுத்துடலாம்."

"யாரைக் கண்டிச்சு?"

"கோச்சைத்தான்."

"முதலாளியையும் ஒரு வரி சேர்த்துக் கண்டிக்கலாமே?"

"ஒரு தீர்மானத்துல ஒருத்தரைத்தான் கண்டிக்கணும். ரெண்டு பேரைக் கண்டிச்சா பேப்பர்காரன் போட மாட்டான்."

வாத்தியார் தயங்கினார். "நம்ம சங்கமே கண்டிச்சிடுச்சுன்னா, அப்புறம் அவரை எந்தக் கிளப்புல எடுப்பாங்க? அவருக்கும் அம்பது தாண்டியாச்சு."

"அவன் தப்பு பண்ணலன்னா வாயைத் திறந்து சொல்லட்டுமே!" என்றார் டிரைவர். "யார் கையைப் பிடிச்சா?"

வாத்தியார் பேனாவை எடுத்துக்கொண்டு போனார்.

பன்னிரண்டரைக்கு மச்சினி பின்கதவு வழியாக வந்தாள். மதியச் சாப்பாட்டை எங்களோடு சாப்பிடுவது அவள் வழக்கம். அன்றைக்கு அவளும் நானும் மட்டும்தான். மாமனார் சங்கத்து ஆட்களுக்குப் போன் போட மாடிக்குப் போயிருந்தார். அவள் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.

"அத்தான், அந்தச் சீட்டு எங்க?"

"டிராயர்ல."

"உறையும் இருக்கா?"

"இருக்கு."

"எரிச்சிடுங்க."

நான் தேய்த்துக்கொண்டிருந்த சட்டையை மடித்து வைத்தேன்.

"ஆபீஸ்ல ஒரே ரகளை," என்றாள். "கோச்சுக்கு முன்னாடியே எப்படித் தெரிஞ்சதுன்னு ஒவ்வொருத்தரா உள்ள கூப்பிட்டுக் கேக்கறாங்க. சாயங்காலத்துக்குள்ள என் முறை வந்துடும். அது என் கையெழுத்து அத்தான். மேல தேதி முத்திரை வேற குத்தியிருக்கேன்."

"தப்பு என்னுது. உறையைப் படிக்காதது நான்."

"அதை யாரு கேக்கப் போறா? என்னை அனுப்பிடுவாங்க. கிளப் துணியை வேற லாண்டரிக்குக் குடுத்துடுவாங்க. பாதிக் கடை அந்தத் துணியில ஓடுது. அப்பா தாங்குவாரா?"

"கோச் ஏன் பேசாம இருக்கார்?"

"ஒப்பந்தம். போறவர் ஒரு வருஷத்துக்குக் கிளப்பைப் பத்தி வாயைத் திறக்கக் கூடாது. திறந்தா வேற எங்கயும் சேர விடாம இழுத்தடிப்பாங்க."

"உங்கப்பா அஞ்சு மணிக்குத் தீர்மானம் போடறார். கோச்சைக் கண்டிச்சு."

"தெரியும். முதலாளி காதுக்குப் போயாச்சு. 'பாத்தீங்களா, ரசிகர்களே என் பக்கம்'னு ரூம்ல உக்காந்து சிரிச்சுக்கிட்டிருக்கார்."

எழுந்து நின்றாள். மறுபடி உட்கார்ந்தாள். கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையை முறுக்கினாள்.

"எனக்கு ரத்தம் கொதிக்குது அத்தான். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அவர் சொல்லச் சொல்ல எழுதினவ நான். 'நாளைக்குத் தோத்தா அதையே காரணமாச் சொல்லிக்கலாம். ஜெயிச்சிட்டா வேற ஏதாவது பாத்துக்கலாம்'னார். எதிர்ல நிக்கிறவளுக்குக் காது இருக்குங்கற நினைப்பே இல்ல. மேசையோட மேசையா என்னையும் நினைச்சுப் பேசறார். இன்னைக்குப் பேப்பரைப் பாத்தா, 'மிகுந்த வருத்தத்துடன்'! 'நேரில் அழைத்துச் சொன்னேன்'! ஞாயித்துக்கிழமை வரைக்கும் போன்கூடப் பண்ணல அந்த ஆள்!"

"அப்புறமும் எரிக்கச் சொல்றே."

"வேற என்ன பண்ண?"

நான் டிராயரைத் திறந்தேன். நான்கு சின்னங்களுக்கு அடியில் சீட்டும் உறையும் இருந்தன. இரண்டையும் எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

"உன் கையெழுத்து. உன் வேலை. நீயே வச்சுக்கோ."

"நீங்க?"

"சின்னத்தைப் பிரிச்சது நான்னு அஞ்சு மணிக்குச் சொல்லிடுவேன். சீட்டைப் பத்திப் பேச மாட்டேன்."

"சீட்டு இல்லாம யார் நம்புவா?"

"தெரியல."

"கோச்சுக்காக நீங்களே இட்டுக்கட்டுறீங்கன்னு சொல்வாங்க. அப்பாவே சொல்வார்."

"சொல்லட்டும்."

சீட்டை டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்துப் பையை மூடினாள். சாப்பிடாமலே போனாள். போகும்போது கதவைச் சாத்தவில்லை. நான் போய்ச் சாத்தினேன்.

ஐந்து மணிக்குத் தேய்க்கிற அறையில் பதினாலு பேர். பெஞ்சில் ஆறு பேர், மற்றவர்கள் துணி மூட்டைகளின் மேல். நான் ஹோட்டல் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன். யாரும் என்னைக் கூட்டத்தில் சேர்த்து எண்ணவில்லை. மாப்பிள்ளை என்றால் டீ கொண்டுவருகிற ஆள்.

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

'சனிக்கிழமை ஆட்டத்தில் வேண்டுமென்றே அலட்சியமாக நடந்துகொண்டதுடன், கிளப்பின் சின்னத்தை அவமதித்த முன்னாள் பயிற்சியாளரை இச்சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது. அவரை நீக்கிய முடிவை ஏற்கிறது.'

"'ஏற்கிறது' பத்தாது," என்றார் டிரைவர். "'வரவேற்கிறது'ன்னு போடுங்க."

"'ஏற்கிறது' போதும். எனக்கு அதுக்கே மனசு இல்ல."

"முதல் கையெழுத்து செயலாளருது," என்று யாரோ சொன்னார்கள். மாமனார் தேய்க்கிற மேசையில் காகிதத்தை விரித்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

நான் போய் நான்கு சின்னங்களையும் காகிதத்தின் மேல் வைத்தேன்.

"என்ன மாப்ள இது?"

"கோச் கோட்டுச் சின்னம் மாமா. நாலும் இருக்கு. பிரிச்சது நான். வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை காலையில கோட்டைக் கொண்டுபோய்க் குடுத்ததும் நான்தான். அவர் எதையும் பிச்சு எறியல."

மாமனார் ஒன்றைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் அறுந்த நூல்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"நீங்களா?"

"ஆமா."

"என் மக தச்சதை நீங்க அறுத்தீங்களா?"

"ஆமா மாமா."

டிரைவர் எழுந்தார். "ஒரு நிமிஷம். கோச் குடுத்துப் பிரிக்கச் சொன்னானா?"

"இல்ல."

"பின்ன யார் சொன்னா?"

மேசையில் இருந்த மூன்று சின்னங்களையும் வரிசையாக்கினேன்.

"சொல்லுங்க மாப்பிள்ள, வாயில பூட்டா போட்டிருக்கு?"

"அதைச் சொல்ல முடியாது."

அறையே கத்தியது. மூட்டை மேல் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். கோச்சே ரகசியமாகக் கொடுத்துப் பிரித்திருப்பார் என்று ஒருவர் சொன்னார். கோச்சைக் காப்பாற்ற இன்று மதியம் உட்கார்ந்து தயாரித்த கதை என்றார் இன்னொருவர். "இவரு கோச் ஆளுய்யா, எனக்கு அப்பவே தெரியும்," என்றார் ஆஃப்சைடு. மாமனாரின் காது மடல் சிவந்திருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. பேனாவை மறுபடி எடுத்தார்.

"அப்பா, கையெழுத்துப் போடாதீங்க."

மச்சினி பின்கதவில் நின்றாள். கழுத்தில் அட்டை. ஓடிவந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது. மேசைக்கு வந்து, சீட்டையும் உறையையும் சின்னங்களுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நான் எழுதினது. முதலாளி சொல்லச் சொல்ல எழுதினது. வாத்தியார் சார், தேதியைச் சத்தமாப் படிங்க."

வாத்தியார் படித்தார். வெள்ளிக்கிழமைத் தேதி. கிளப் முத்திரை. தலைமைப் பயிற்சியாளர், கோட்டு நான்கு, சின்னம் பிரிக்கவும். உறையையும் படித்தார். திங்கட்கிழமை வரை பிரிக்க வேண்டாம்.

இஸ்திரிப் பெட்டி தானாக ஒருமுறை நீராவி விட்டது.

"அப்ப ஆட்டம் நடக்கறதுக்கு முன்னாடியே..." என்றார் டிரைவர். "தெரிஞ்சேவா வந்து நின்னாரு?"

காலையிலிருந்து 'அவன்' என்றவர் 'நின்னாரு' என்றதைக் கவனித்தேன்.

"காலையில ஒன்பது மணிக்குத் தெரியும்," என்றேன்.

"எனக்கு அப்படிப் பண்ணியிருந்தா பஸ்ஸை நடு ரோட்டுல நிறுத்திட்டு, சாவியைச் சாக்கடையில போட்டுட்டுப் போயிருப்பேன்யா! இந்த மனுஷன் மழையில தொண்ணூறு நிமிஷம் நின்னிருக்காரு. நான் சிலைன்னு கத்தினேன். அவரு காதுல விழற மாதிரி கத்தினேன்."

"நாங்களும்தான் கத்தினோம்."

"ஆட்டம் முடிஞ்ச பிறகு முடிவெடுத்தானாம்! வருத்தமாம்! சின்னம் இல்லாத கோட்டு போட்டாராம்! பிரிக்கச் சொன்னது யாரு? இவன்! ரசிகன் மன்னிக்க மாட்டானாம்! எங்க பேரைச் சொல்ல இவன் யாருய்யா?"

வாத்தியார் தீர்மானத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். தப்பான கணக்கை அடிப்பது போல, அளவுகோல் இல்லாமலே நேராக. அதற்குக் கீழே எழுதினார். 'வெள்ளிக்கிழமையே எடுத்த முடிவுக்குச் சனிக்கிழமை ஆட்டத்தைக் காரணம் காட்டிப் பொய் சொன்ன கிளப் உரிமையாளரை இச்சங்கம் கண்டிக்கிறது. பயிற்சியாளரிடம் இச்சங்கம் மன்னிப்புக் கேட்கிறது.'

"வன்மையாக?" என்று கேட்டார் ஒருவர்.

"மிக வன்மையாக."

"சீட்டை முதல்ல போட்டோ எடுங்கய்யா," என்றார் ஆஃப்சைடு. "அப்புறம் யாராவது கிழிச்சிடப் போறாங்க."

எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அவர் சரியான நேரத்தில் உள்ளே வந்திருந்தார்.

டிரைவர் கையெழுத்துப் போட்டார். பேனாவைக் கொடுக்காமல் கொஞ்சம் யோசித்தார். "எல்லாம் சரி. ஆனா அறுபதாவது நிமிஷத்துல ஒன்பதாம் நம்பரை வெளியே எடுத்தது தப்புதான். அதைத் தனித் தீர்மானமாப் போடலாம்."

பதிமூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். முதல் வரி காலியாக இருந்தது. மாமனார் சின்னத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாத்தியார் காகிதத்தை அவர் முன்னால் நீட்டினார். அவர் தலையை ஆட்டினார். வேண்டாம் என்றா, பிறகு என்றா, தெரியவில்லை. அவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டு பேப்பர் ஆபீஸுக்குப் போனார்கள்.

அறையில் மூன்று பேர் மிஞ்சினோம். ஆறு மணி. ஜன்னலில் வெளிச்சம் இருந்தது.

"என்ன மனுஷன் அந்த முதலாளி?" என்றார் மாமனார். யாரையும் பார்க்காமல் பேசினார். "ஒருத்தரை அனுப்பணும்னா உக்கார வச்சு, கண்ணைப் பாத்து, விஷயம் இதுன்னு சொல்லணும். அவருக்கு அந்த உரிமைகூடவா இல்ல? பெட்டியில கட்டி வாசல்ல குடுத்தனுப்புறதா? அதுலயும் சுத்தி இருக்கறவங்களுக்கெல்லாம் தெரிஞ்சு, அவருக்கு மட்டும் கடைசியா. சீ!"

"அப்பா, தண்ணி குடிங்க."

"நீ பேசாதே. நீங்க சொல்லுங்க மாப்ள. மூணு நாள். ஒரே வீடு. ஒரே மேசையில சாப்பிட்டோம். நான் அந்த ஆளைத் திட்டத் திட்டக் கேட்டுக்கிட்டே சோத்தைப் பிசைஞ்சீங்க. பதினாலு பேர் முன்னாடி நான் பொய்யில கையெழுத்துப் போட இருந்தேன். ஏன் சொல்லல?"

"சொல்லியிருக்கணும் மாமா."

"அதைக் கேக்கல. ஏன் சொல்லல?"

மச்சினிதான் பதில் சொன்னாள். "கிளப் துணி போயிடும்னு தெரிஞ்சா நீங்க தாங்க மாட்டீங்கன்னுதான் அப்பா."

"தாங்குவேனா மாட்டேனான்னு நீங்க யாரு முடிவு பண்ண?" மேசையை ஓங்கி அறைந்தார். "நான் என்ன சின்னக் குழந்தையா? உங்க அக்கா இருந்திருந்தா என்கிட்ட மறைச்சிருக்க மாட்டா. போற நேரத்துலகூட என்னை நினைச்சவ அவ. 'அப்பாவைப் பாத்துக்கோங்க'ன்னு சொல்லிட்டுத்தான் போனா. நீங்கதானே மாப்ள வந்து சொன்னீங்க? இதுதான் பாத்துக்கற லட்சணமா?"

மச்சினியின் போன் அடித்தது. கிளப் அலுவலக எண். பார்த்தாள். எடுக்கவில்லை. நின்றது. மறுபடி அடித்தது. தேய்க்கிற மேசையின் மேல் கவிழ்த்து வைத்தாள். அது அதிர்ந்துகொண்டே கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது.

என் மனைவியின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்த நாளில் டாக்டர் எங்களை ஆஸ்பத்திரி வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். இரண்டு மாதம், அதிகம் போனால் மூன்று. மாமனார் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்: அவகிட்ட மூச்சு விடக் கூடாது, தாங்க மாட்டா. மச்சினி தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். பதினோரு வாரம் அவள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து நாங்கள் மூவரும் புது மெஷின் வாங்குவது பற்றிப் பேசினோம். வீட்டுக்கு வந்ததும் எந்த அறைக்குப் பெயின்ட் அடிக்கலாம் என்று பேசினோம். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் போன அன்று உள்ளே இருந்தது நான் மட்டும். வெளியே வந்தபோது மாமனார் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "என்ன சொன்னா, என்ன சொன்னா," என்று கேட்டார். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அவ அப்படிச் சொல்லல மாமா," என்றேன்.

"என்ன?"

"அப்பாவைப் பாத்துக்கோங்கன்னு அவ சொல்லல. அது நான் சொன்னது."

"அத்தான், வேணாம்," என்றாள் மச்சினி.

மாமனார் கையிலிருந்த சின்னத்தை மேசை மேல் வைத்தார். நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"பின்ன என்ன சொன்னா? என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க."

அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்பது மாதத்தில் முதல் தடவையாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். கண்ணுக்குக் கீழே நிறைய வயதாகியிருந்தது.

சொன்னேன். நர்ஸ் வெளியே போனாள். நான் தலையணையைச் சரிசெய்யக் குனிந்தேன். பெயின்டைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவள் என் கையை எடுத்து ஓரமாக வைத்தாள். கோபமாகத்தான் சொன்னாள், ஆனால் சத்தம் இல்லை.

"எனக்கு ஒரு மாசமாத் தெரியும். உங்கள்ல யாராவது ஒருத்தர் சொல்வீங்கன்னு பாத்துட்டே இருந்தேன்."